ஊட்டி நிலம் யாருக்குச் சொந்தம்? 200 வருஷத்துக்கு முன்பே ஆளுநருடன் மோதிய கோவை கலெக்டர் சல்லிவனின் கதை

ஊட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கும் பலருக்கும் ஒரு விஷயம் தெரியாது. அவர்கள் நிற்கிற இடம் ஒரு காலத்தில் ஏரி. பஸ் ஸ்டாண்ட், பக்கத்தில் இருக்கும் குதிரைப் பந்தய மைதானம், லேக் பார்க் எல்லாமே தண்ணீர் பின்வாங்கிய ஏரிப் படுகையின் மேல் வந்தவைதான். இன்று படகு ஓடுகிற ஏரியின் பரப்பு சுமார் 65 ஏக்கர்.

அந்த ஏரியை உருவாக்கியவர் ஜான் சல்லிவன். அன்றைய கோயம்புத்தூர் ஜில்லா கலெக்டர். ஊட்டி 200 கொண்டாட்டத்தின்போது, 2022 மே மாதம், முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அவருக்கு ஊட்டியில் சிலை திறந்து வைத்தார். ஊட்டியை உருவாக்கியவர், உருளைக்கிழங்கைக் கொண்டு வந்தவர் என்று சுற்றுலா கையேடுகள் எல்லாம் சொல்கின்றன.

ஆனால் அவர் வாழ்க்கையில் பெரிதாகப் பேசப்படாத ஒரு சண்டை இருக்கிறது. ஏரியைச் சுற்றியுள்ள மலை நிலம் காலி நிலம் இல்லை, அதற்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கேட்காமல், காசு கொடுக்காமல் எடுக்கக் கூடாது என்று அவர் சென்னை ஆளுநரையே எதிர்த்து நின்றார். அந்தச் சண்டையில் தோற்றும் போனார்.

யாரு இந்த சல்லிவன்? எதற்காக அந்தச் சண்டை? 200 வருஷம் கழித்து கொங்கு மக்கள் இதை ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

யாரு இந்த சல்லிவன்?

1788-ல் லண்டனில் பிறந்தவர். பதின்ம வயதிலேயே கிழக்கிந்திய கம்பெனியில் எழுத்தர் வேலைக்குச் சேர்ந்து கப்பல் ஏறி சென்னைக்கு வந்தார். அந்தக் காலத்தில் கம்பெனி அதிகாரிகள் பலரும் இப்படித்தான் மீசை முளைக்கும் வயதில் வந்து சேர்ந்தவர்கள்.

1815-ல் கோவைக்கு கலெக்டர் பொறுப்பு கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 27. 1830 வரை, சுமார் 15 வருஷம், இங்கேதான் இருந்தார்.

அன்றைய கோயம்புத்தூர் ஜில்லா இன்றைய மாவட்டம் மாதிரி சின்னது இல்லை. ஈரோடு, பவானி, தாராபுரம், சத்தியமங்கலம் எல்லாம் அதற்குள் வரும். 1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு இந்தப் பகுதி கம்பெனி கைக்கு வந்தது. கூடவே நீலகிரி மலையும் வந்தது. 1868-ல் தனி மாவட்டமாகப் பிரியும் வரை, இடையில் சில வருஷம் தவிர, நீலகிரி கோவையோடுதான் இருந்தது.

ஆக, மலை கம்பெனி கணக்கில் இருந்தது. ஆனால் மேலே என்ன இருக்கிறது என்பது கீழே இருந்த வெள்ளைக்கார அதிகாரிகளுக்குச் சரியாகத் தெரியாது.

மலையேறியது எப்படி?

1812-ல் ஒரு சர்வே குழு தணாயக்கன்கோட்டை வழியாக மேலே போய்ப் பார்த்தது. அந்தக் கோட்டை இன்று பவானிசாகர் அணைத் தண்ணீருக்குள் இருக்கிறது. 1818-ல் சல்லிவனின் உதவி அதிகாரிகளான விஷ், கிண்டர்ஸ்லி இருவரும் மலைக்குப் போய் வந்தார்கள். கோவை வெயிலில் காய்ந்து கிடந்தவர்களுக்கு, மேலே இங்கிலாந்து மாதிரி குளிர் இருக்கிறது என்பது பெரிய செய்தி.

1819 ஜனவரியில் சல்லிவனே கிளம்பினார். சிறுமுகைப் பக்கமிருந்து செங்குத்தான காட்டுப் பாதை. மேலே கோத்தகிரிக்கு அருகில் உள்ள திம்பட்டிக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே அவர் கட்டிய சின்ன பங்களா புதுப்பிக்கப்பட்டு, இன்று கன்னேரிமுக்கில் நினைவகமாக இருக்கிறது.

அதே வருஷம் லெஷனோ என்ற பிரெஞ்சு தாவரவியலாளரும் மலைக்கு வந்தார். உடம்பு சரியில்லாமல் இருந்தவர் குளிர்காற்றில் தேறிவிட்டார். இப்படி ஒருவர் சொல்லி ஒருவர் கேட்டு, நீலகிரி என்றால் ஆரோக்கியம் என்ற பேச்சு சென்னை வரை பரவியது.

1821-ல் சிறுமுகையிலிருந்து மலைக்குப் பாதை போடும் வேலை தொடங்கி, 1823-ல் முடிந்தது. பாதை வந்ததும் ஆள் வந்தது. ஆள் வந்ததும் வீடு வந்தது. நில விவகாரமும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஏக்கர் ஒரு ரூபாய்: கல் பங்களாவின் கதை

ஊட்டியில் முதல் பங்களாவைக் கட்டியவர் சல்லிவன்தான். 1822-ல் வேலை தொடங்கியது. உள்ளூர் மக்கள் அதை கல் பங்களா என்று அழைத்தார்கள். இப்போது அது அரசு கலைக் கல்லூரியின் வளாகத்தில் இருக்கிறது.

அதற்கான நிலத்தை அவர் தோடர்களிடமிருந்து ஏக்கர் ஒரு ரூபாய்க்கு வாங்கினார். இன்றைய ஊட்டி நில விலையோடு வைத்துப் பார்த்தால் இது அநியாயமாகத்தான் தெரியும். ஆனால் இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. காசு கொடுத்து வாங்கினார் என்றால், அந்த நிலம் யாருடையது என்பதை அவர் ஒப்புக்கொண்டார் என்று அர்த்தம். கம்பெனியின் கலெக்டர், ஜில்லாவிலேயே அதிகாரம் படைத்தவர், ஒரு தோடரிடம் போய் நிலம் வாங்குகிறார்.

உருளைக்கிழங்கு, பார்லி, ஐரோப்பிய காய்கறிகள், பழ மரங்கள் என்று ஒவ்வொன்றாக நட்டுப் பார்த்தார். 1823-ல் ஏரி வேலை தொடங்கியது. பள்ளத்தாக்கில் ஓடிவந்த ஓடைகளைக் கரை போட்டு மறித்து, 1825 வாக்கில் ஏரி நிரம்பியது.

அந்த ஏரி வந்த பிறகு அதைச் சுற்றி பங்களா கட்ட ஐரோப்பியர்களுக்குள் போட்டி வந்தது. 1826-ல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோவே ஊட்டிக்கு வந்து தங்கினார். ஆனால் அடுத்த வருஷமே மன்றோ காலரா வந்து இறந்துபோனார். சல்லிவனின் நல்ல காலமும் அதோடு முடிந்தது.

புதிய ஆளுநர் வந்தார், சண்டை வந்தது

1827-ல் ஸ்டீபன் ரம்போல்ட் லஷிங்டன் சென்னை ஆளுநரானார். அவருக்கும் ஊட்டி மேல் ஆசைதான். ஆனால் அவர் போட்ட கணக்கு வேறு.

நோயாளி சிப்பாய்களும் அதிகாரிகளும் ஓய்வெடுக்கும் பெரிய அரசு நகரமாக ஊட்டியை மாற்ற வேண்டும் என்பது லஷிங்டனின் திட்டம். குன்னூர் வழியாகப் புதிய மலைப்பாதை போடும் வேலை அவர் காலத்தில்தான் தொடங்கியது. ஊட்டி நிர்வாகம் கலெக்டர் கையிலிருந்து ராணுவ அதிகாரியின் கைக்குப் போனது. 1830-ல் இன்னும் ஒரு படி மேலே போய், ஊட்டியையும் மலையின் மேற்குப் பகுதியையும் கோவையிலிருந்து பிரித்து மலபார் ஜில்லாவோடு சேர்த்துவிட்டார்கள். அது திரும்பவும் கோவைக்கு வந்தது 1843-ல்தான்.

இதற்கு நடுவில்தான் அந்தக் கேள்வி வந்தது. நகரம் கட்ட எடுக்கிற நிலம் யாருடையது?

லஷிங்டன் தரப்பின் வாதம் எளிமையானது. தோடர்கள் எருமை மேய்ப்பவர்கள். ஏர் பிடிப்பதில்லை, வேலி போடுவதில்லை, பத்திரம் இல்லை. அவர்களுக்கு மேய்ச்சல் வசதி வேண்டுமானால் இருக்கலாம், நிலத்தின் மேல் சொத்துரிமை கிடையாது. மலை சர்க்காருடையது. சர்க்கார் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

சல்லிவன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. தோடர்கள் நினைவு தெரியாத காலம் தொட்டு இந்த மலையை ஆண்டு அனுபவித்து வருகிறார்கள். மலையில் விவசாயம் செய்யும் படுகர்கள் விளைச்சலில் ஒரு பங்கைத் தோடர்களுக்குக் கொடுத்து வருகிறார்கள். ஒருவர் நிலத்தை இன்னொருவர் உழுதால் கொடுக்கிற பங்கு இல்லாமல் இது வேறு என்ன என்பது அவருடைய வாதம். கீழே கொங்கு நாட்டு விவசாயிக்குப் புரிகிற மாதிரி சொன்னால், தோடர்களுக்கு இருப்பது காணி உரிமை மாதிரி ஒரு உரிமை.

அதனால் குடியேறுகிறவர்கள் எடுக்கும் நிலத்துக்குத் தோடர்களுக்கு நஷ்டஈடு தர வேண்டும், அவர்கள் சம்மதம் இல்லாமல் எடுக்கக் கூடாது என்று அவர் திரும்பத் திரும்ப எழுதினார். அரசு எடுக்கும் நிலத்துக்கும் இதே கதைதான் என்றார்.

சல்லிவன் யோக்கியமா? எதிர்த் தரப்பு கேட்ட கேள்வி

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். அப்போது ஊட்டியில் அதிக நிலம் வைத்திருந்த தனிநபர்களில் சல்லிவனும் ஒருவர். நூற்றுக்கணக்கான ஏக்கர். கலெக்டராக இருந்துகொண்டே அவர் நிலம் வாங்கியதை எதிர்த் தரப்பு விடாமல் குத்திக் காட்டியது. தோடர்களுக்கு உரிமை இருந்தால்தான் அவர்களிடமிருந்து அவர் வாங்கியதும் செல்லும், அதனால்தான் இவ்வளவு பரிந்து பேசுகிறார் என்ற சந்தேகமும் இருந்தது.

அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஏக்கர் ஒரு ரூபாய் என்பது நியாயமான விலையா, விற்றவர்களுக்கு விற்பது என்றால் என்னவென்று புரிந்திருந்ததா என்ற கேள்விகளும் நியாயமானவை. மலைக்குப் பாதை போட்டு, ஏரி கட்டி, கூட்டத்தை வரவழைத்தவரும் அவரேதான். கதவைத் திறந்துவிட்டவர், உள்ளே வருகிறவர்கள் வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டு வர வேண்டும் என்றார்.

தோடர்களின் உரிமையை மட்டும் அவர் பெரிதாகப் பார்த்தார், படுகர், கோத்தர், குறும்பர், இருளர் ஆகியோரின் உரிமையை அந்த அளவுக்குப் பேசவில்லை என்ற விமர்சனமும் உண்டு.

ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. சல்லிவனின் வழியில் போயிருந்தால், நிலம் எடுக்க வந்த ஒவ்வொருவரும் தோடர்களிடம் பேசியாக வேண்டும். அவர்களால் முடியாது என்றும் சொல்ல முடியும். லஷிங்டனின் வழியில் அந்தப் பேச்சுக்கே வேலை இல்லை.

ஜெயித்தது யார்?

1830-ல் சல்லிவனின் கோவை கலெக்டர் பதவிக்காலம் முடிந்தது. இங்கிலாந்து போய்விட்டு, 1830-களின் நடுவில் பெரிய பதவிகளோடு சென்னைக்குத் திரும்பினார். வருவாய் வாரியத்திலும், பிறகு ஆளுநரின் ஆலோசனை சபையிலும் இருந்தார். அங்கேயும் தோடர் உரிமையை விடவில்லை. கோப்பு மேல் கோப்பாக எழுதினார்.

லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்கள் வரை விவகாரம் போனது. கடைசியில் கிடைத்தது பாதி நியாயம். தோடர்களின் மந்துகளையும் கோயில்களையும் தொந்தரவு செய்யக் கூடாது, எடுத்த நிலத்துக்குச் சிறு தொகை தரலாம் என்ற அளவில் அது நின்றது. மலையின் சொந்தக்காரர்கள் அவர்கள்தான் என்ற முழு உரிமையை யாரும் ஏற்கவில்லை. பின்னால் ஒவ்வொரு மந்தையும் சுற்றிக் கொஞ்சம் நிலம் ஒதுக்கப்பட்டது. மற்ற புல்வெளி எல்லாம் சர்க்கார் கணக்குக்குப் போனது.

சொந்த வாழ்க்கையிலும் அடி. 1830-களின் இறுதியில் மனைவி ஹென்ரியட்டாவும் மகளும் அடுத்தடுத்து இறந்தார்கள். ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச் கல்லறையில் இருவரும் அடக்கம் செய்யப்பட்டார்கள். 1841-ல் சல்லிவன் இந்தியாவை விட்டுக் கிளம்பினார். திரும்பி வரவே இல்லை.

இங்கிலாந்திலும் அவர் சும்மா இருக்கவில்லை. இந்தியாவின் செல்வம் முழுக்க லண்டனுக்குப் போய்ச் சேர்கிறது என்று சொன்னார். உயர்ந்த பதவிகளை இந்தியர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்றார். சமஸ்தானங்களைக் கம்பெனி விழுங்குவதை எதிர்த்தார். 1855 ஜனவரி 16-ல் இறந்தார். லண்டனை அடுத்த ஸ்லாவ் பகுதியில் உள்ள ஒரு சர்ச் வளாகத்தில் அவர் கல்லறை இருக்கிறது.

அதன் பிறகு மலைக்கு என்ன ஆனது?

புல்வெளி என்றால் வெறும் நிலம் என்ற எண்ணம்தான் அரசாங்க நடைமுறை ஆனது. 1843-ல் யூகலிப்டஸ் நீலகிரிக்கு வந்தது. சீகை மரம், காபி, தேயிலையும் வந்தன. ஒவ்வொன்றும் புல்வெளியையும் சோலைக் காட்டையும் தின்றபடிதான் வளர்ந்தது.

நீலகிரியின் உச்சியில் இருக்கும் புல்வெளியும், பள்ளங்களில் இருக்கும் சோலையும் சேர்ந்துதான் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. மழை நின்ற பிறகும் ஓடைகளில் தண்ணீர் ஓடுவது அதனால்தான். தோடர்களின் எருமைகள் மேய்ந்த அந்த நிலம் எந்த அர்த்தத்திலும் வெற்று நிலம் இல்லை.

இதில் கொங்கு நாட்டுக்கு நேரடி சம்பந்தம் இருக்கிறது. பவானி ஆறு நீலகிரியில்தான் பிறக்கிறது. பைக்காரா தண்ணீர் மாயாறாக ஓடிவந்து பவானிசாகரில் அதோடு சேர்கிறது. கோவை, திருப்பூர் குழாய்களில் வரும் குடிநீரில் பெரும் பங்கு பவானித் தண்ணீர். கீழ்பவானி வாய்க்காலை நம்பியிருக்கும் பாசனம் மட்டும் சுமார் 2.07 லட்சம் ஏக்கர். மேலே யார் எந்த நிலத்தை எடுத்து என்ன கட்டுகிறார்கள் என்பது, கோபியில் நெல் நடுகிறவருடைய பிரச்சனையும்தான்.

ஏரியின் கதையும் அதேதான். தண்ணீர் பின்வாங்கிய இடமெல்லாம் நகரமானது. ஊருக்குள்ளிருந்து ஏரிக்கு வரும் கோடப்பமந்து கால்வாய் இப்போது கழிவுநீர் கலக்கும் கால்வாயாகத்தான் செய்திகளில் அடிபடுகிறது. அதன் பெயரிலேயே மந்து இருக்கிறது. மந்து என்றால் தோடர் குடியிருப்பு. ஏரிப் படுகையில் வந்த பந்தய மைதானத்தின் குத்தகைப் பாக்கி நீதிமன்றம் வரை போய், 2024 ஜூனில் வருவாய்த்துறை அந்த நிலத்தை மீட்டது. யாருடைய நிலம் என்ற கேள்வி இன்னும் ஓயவில்லை.

இன்றைய சட்டம் என்ன சொல்கிறது?

இன்று நீலகிரியில் நினைத்த உயரத்துக்குக் கட்டடம் கட்ட முடியாது. பொதுவாக 7 மீட்டர்தான் வரம்பு. மலைப் பகுதிகளில் பெரிய கட்டுமானங்களுக்குத் தனி அனுமதி வேண்டும். யானை வழித்தடத்தில் இருந்த ரிசார்ட்டுகள் தொடர்பான வழக்கில், சீகூர் பகுதியை வழித்தடமாக அறிவித்தது செல்லும் என்று 2020 அக்டோபர் 14-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வாகனக் கூட்டத்தைக் கட்டுப்படுத்த, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கு இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது.

இவை எல்லாம் மலை இவ்வளவு கட்டடத்தைத் தாங்குமா என்ற கேள்விக்கான பதில்கள். சல்லிவன் கேட்டது அதற்கு முந்தைய கேள்வி. இது யாருடைய நிலம், அவர்களைக் கேட்டீர்களா? 2006-ல் வந்த வன உரிமைச் சட்டம் அந்தக் கேள்விக்குச் சட்டப்படி இடம் கொடுத்தது. பரம்பரையாகக் காட்டை அனுபவித்தவர்களிடம் பத்திரம் இல்லை என்பதாலேயே உரிமை இல்லாமல் போகாது என்பதுதான் அந்தச் சட்டத்தின் அடிப்படை. 1820-களின் கடைசியில் ஒரு கோவை கலெக்டர் சொல்லித் தோற்ற வாதமும் கிட்டத்தட்ட இதுதான்.

இன்று தோடர்களின் எண்ணிக்கை சுமார் 2,000தான். ஊட்டி தாவரவியல் பூங்காவின் மேல்பக்கம் ஏறினால் இப்போதும் ஒரு தோடர் மந்து இருக்கிறது. மலர்க் கண்காட்சிக்குப் போகிறவர்களில் சிலர் அங்கே போய் போட்டோ எடுத்துவிட்டுத் திரும்புவார்கள். அடுத்த முறை போகும்போது, அங்கிருந்து திரும்பிக் கீழே ஊரைப் பாருங்கள். தெரிகிற இடமெல்லாம் ஒரு காலத்தில் அவர்களுடைய எருமைகள் மேய்ந்த நிலம்.